வாரம் ஒரு நூல்

ஒரு நாளைக்கு இருபது பேரிடமாவது நான் கேட்கிற கேள்வி, "மரத்துப் போச்சா?" என்பதுதான்.

பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை எனக்கு. டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விடுவார். ஐந்து நிமிடம் கழித்து நான் உதட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். தடித்துப்போன மாதிரி இருக்கிறது என்பார் ஒருவர். வேறு யாருடைய உதடோ போல இருக்கிறது என்பார் இன்னொருவர். வீட்டுக்கு அனுப்பும்போது, "ரெண்டு மணி நேரத்துக்கு எதையும் மெல்லாதீங்க, கன்னத்தைக் கடிச்சாலும் தெரியாது" என்று மறக்காமல் சொல்லி அனுப்புவேன். மாலையில் சிலர் போன் பண்ணி, வலிக்கிறது என்று முறையிடுவார்கள். "நல்லதுதாங்க, மருந்து இறங்குது" என்பேன்.

பத்து மாதத்துக்கு முன்னால் என் வயிற்றிலிருந்த ஏழு மாதக் குழந்தை அசைவதை நிறுத்திவிட்டது. மூன்று நாள் மருத்துவமனை. நான்காவது வாரம் வேலைக்குப் போய்விட்டேன். நல்ல மனஉறுதி என்று எல்லாரும் சொன்னார்கள். அப்படி எதுவும் இல்லை. துணி துவைத்தேன், சமைத்தேன், நோயாளிகளின் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தேன். எல்லாவற்றையும் கையுறை போட்டுக்கொண்டு செய்வது போலிருந்தது. என் கணவரும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. அதைப் பேசாமலிருக்கப் போய், நாளடைவில் மற்ற பேச்சும் நின்றுபோனது. பால் வாங்கணும், கேஸ் தீர்ந்துபோச்சு, சாவி எங்கே. அவ்வளவுதான்.

அவர் லிப்ட் மெக்கானிக். "நம்ம பொழப்பே ஏத்த இறக்கம்தான்" என்று யாரைப் பார்த்தாலும் சொல்லிச் சிரிப்பவர். அந்தச் சிரிப்பும் போய்விட்டிருந்தது.

எங்களுக்கு ஒரு மகள். ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே உடம்பின் இடது பக்கம் வலுக் குறைவு. இடது காலை இழுத்து நடப்பாள், சந்தோஷம் வந்தால் இடது கை தானாக முஷ்டி மடங்கிக்கொள்ளும். தன்னைவிடப் பெரிய எதையாவது எப்போதும் இழுத்துக்கொண்டு திரிவதால் அப்பா வைத்த பெயர் கட்டெறும்பு. கடிப்பாள் என்பதும் ஒரு காரணம்.

அவளுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் மையத்தில் ஒரே ஒரு சைக்கிள் இருந்தது. இவளைப் போன்ற பிள்ளைகளுக்கென்றே மாற்றி அமைத்தது. இரண்டு பிரேக்கையும் வலது கையாலேயே பிடிக்கலாம். இடது பெடலில் பாதத்தைச் செருகிக் கட்ட ஒரு பட்டை. பின்னால் இருபுறமும் பக்கச் சக்கரம். பன்னிரண்டு வாரத்துக்கு வீட்டுக்குக் கொடுப்பார்கள். கடைசி சனிக்கிழமை மைய முற்றத்தில், பக்கச் சக்கரம் இல்லாமல் ஐம்பது மீட்டர் ஓட்டிக் காட்டினால் சைக்கிள் அந்தக் குழந்தைக்கே. இல்லையென்றால் பட்டியலில் அடுத்த குழந்தைக்குப் போய்விடும்.

"அம்பது மீட்டர்னா எவ்ளோப்பா?"

"நம்ம பில்டிங்கைப் படுக்கப் போட்டா ரெண்டு பில்டிங்."

"பூ, அவ்ளோதானா!" என்றாள் கட்டெறும்பு.

சொல்லிக்கொடுப்பது முழுக்க அவர் பொறுப்பு. குடியிருப்பின் பின்னால் கார் நிறுத்தும் இடத்தில், தினமும் வேலை முடிந்து வந்ததும் அரை மணி நேரம், ஞாயிறு காலை ஒரு மணி நேரம். முதல் மூன்று வாரம் பக்கச் சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அதை ஒரு நூல் உயர்த்துவது என்று கணக்குப் போட்டிருந்தார். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. "ஒரேயடியா கழட்டினா பயந்துடுவா. வாரம் ஒரு நூல் தூக்கிட்டே போனா, தூக்கினதே உடம்புக்குத் தெரியாது. தானா நிமிந்துக்கும்" என்று மையத்தில் பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் அவர் விளக்கியதை நான் கேட்டேன். என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான்காவது ஞாயிறு முதல் நூலை உயர்த்தினார். நான் இரண்டாம் மாடி பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டி ஓரம் திரும்பும்போது சைக்கிள் இடது பக்கம் சரிந்து அவள் முகம் குப்புற விழுந்தாள். மோவாயில் ரத்தம். அவர் ஓடுவது தெரிந்தது. என் கையில் ஒரு காலுறை இருந்தது. அதைக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டினேன். வாளியில் அதன் ஜோடி கிடந்தது. அதையும் எடுத்து உதறிப் போட்டுவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.

படியிறங்கும்போதுதான் உறைத்தது. என் பிள்ளை விழுந்து ரத்தம் வருகிறது, எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. மரத்த உதட்டைத் தொட்டுப் பார்ப்பது போல என்னை நானே தொட்டுப் பார்த்தேன். வேறு யாரோ மாதிரிதான் இருந்தது.

மறுநாள் காலை, அவர் குளிக்கப் போன நேரத்தில், அவருடைய கருவிப் பையிலிருந்து பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கீழே போனேன். மாடிப்படிக்கு அடியில் சங்கிலி போட்டு நிறுத்தியிருந்த சைக்கிளின் பக்கச் சக்கரங்களை, அவர் உயர்த்திய அந்த ஒரு நூலும் இறக்கி, தரையைத் தொட வைத்து முறுக்கினேன். அவள் விழுந்துவிடுவாளே என்று செய்யவில்லை. விழுவதை இன்னொரு தடவை பார்த்து, இன்னொரு தடவையும் எனக்கு ஒன்றும் ஆகாமல் போய்விட்டால்? அதற்குப் பயந்துதான்.

அடுத்த ஞாயிறு அவர் குனிந்து பார்த்தார். போல்ட் வழுக்கிவிட்டது என்று நினைத்திருப்பார். வாஷர் ஒன்று போட்டு, மறுபடி ஒரு நூல் உயர்த்தினார். திங்கட்கிழமை நான் இறக்கினேன். அதற்கடுத்த வாரம் நட்டின் மேல் இன்னொரு நட்டு. நான் ஸ்பேனர் பிடியில் ஒரு துண்டு இரும்புக் குழாயைச் செருகி, உடம்பு எடையெல்லாம் போட்டுத் திருப்பினேன். இப்படியே போனது. ஞாயிறு அவர் ஏற்றுவார், திங்கள் நான் இறக்குவேன். வீட்டில் மட்டும், பால் வாங்கணும், சாவி எங்கே.

ஒரு நாள் வேலையில், உறிஞ்சு குழாய் என் கையிலிருந்து நழுவி நோயாளியின் மடியில் விழுந்தது. டாக்டர் என் வலது மணிக்கட்டைப் பார்த்தார். புசுபுசுவென்று வீங்கியிருந்தது.

"என்னம்மா இது, வலிக்கலையா?"

"தெரியல டாக்டர்."

"தெரியலையா? நீங்க பேஷன்ட்டா, ஸ்டாப்பா?" என்று சிரித்துவிட்டு ஒரு கட்டுத்துணி கொடுத்தார்.

ஒன்பதாவது வாரம் மையத்துக்குப் போனோம். பயிற்சியம்மா கட்டெறும்பை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். இடது பக்கச் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தார். அதன் ரப்பர் மட்டும் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது.

"இன்னும் இதுமேலயே சாஞ்சு உக்காந்துக்கறா. இத்தனை வாரத்துல கொஞ்சமாவது நிமிந்திருக்கணுமே. வாரா வாரம் தூக்கறீங்க இல்ல சார்?"

"தூக்கறேன் மேடம்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை.

பயிற்சியம்மா கட்டெறும்பின் பயிற்சி அட்டையில் எழுதினார். வருத்தமான குரலில், "இடுப்புல வலு பத்தல போல. சிலருக்கு அப்படித்தான். மனசைத் தேத்திக்கங்க" என்றார். அட்டையைக் கட்டெறும்பின் வலது கையில்தான் கொடுத்தார். திரும்பி வரும் வழியில் அதை அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். வலிமை போதாது.

அன்றிரவு சாப்பிடும்போது கேட்டாள். "எனக்கு சைக்கிள் வரவே வராதா?"

"யார் சொன்னா? வரும்" என்றார் அவர்.

"அட்டையில இருக்கே."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமையும் கீழே போனேன்.

கடைசி வாரத்துத் திங்கட்கிழமை படியிறங்கிப் போனபோது சைக்கிளுக்குப் பக்கத்தில், கடைசிப் படியில், கட்டெறும்பு உட்கார்ந்திருந்தாள். இரவு உடையில், தலை கலைந்து. மடியில் பள்ளிக்கூட ஸ்கேல். சுவரில் சாக்பீஸால் சின்னச் சின்னக் கோடுகள் இழுத்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஞா, செ, ஞா, செ என்று எழுதியிருந்தாள். என் கையிலிருந்த ஸ்பேனரையும் குழாயையும் பார்த்தாள்.

"நீயாம்மா?"

குழாயைப் படியோரம் வைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை ஓட்டினா ஆடுது. செவ்வாய்க்கிழமை ஓட்டினா ஆடல. நான் அளந்து பாத்தேன். நான் ஏதோ பேய்னு நினைச்சேன்."

மேலே படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவர். தோளில் துண்டு, முகத்தில் பாதிச் சோப்பு. என் கையைப் பார்த்தார். அவர் முகத்தில் கொஞ்சம்கூட ஆச்சரியம் இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"நீ இறக்க ஆரம்பிச்ச மூணாவது வாரமே தெரியும். போல்ட் தானா லூசாகறதுக்கும் ஆள் கழட்டறதுக்கும் வித்தியாசம் தெரியாம பதினஞ்சு வருஷம் லிப்ட் பாத்திருக்கேனா? அதுவுமில்லாம ஸ்பேனர் பையில தலைகீழா இருந்துச்சு."

"அப்ப ஏன் கேக்கல?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "கேட்டா நீ நிறுத்திடுவியோன்னு."

"நிறுத்தினா நல்லதுதானே?"

"என்ன நல்லது? பத்து மாசமா, சொன்னதைச் செய்யற, கேட்டா பதில் சொல்ற. நீயா எழுந்து போயி, உனக்கா தோணிச் செஞ்ச காரியம் இது ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை நான் தூக்கறப்ப, நாளைக்கு இவ இறக்குவான்னு நினைச்சுக்குவேன். என்னமோ, நீ என்கிட்ட ஒரு வார்த்தை பேசற மாதிரி."

அவர் சொன்னது காதில் விழுந்தது. எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை.

"நான் என்ன லிப்ட்டா?" என்றாள் கட்டெறும்பு.

இருவரும் அவளைப் பார்த்தோம்.

"ஒருத்தர் ஏத்தறீங்க, ஒருத்தர் இறக்கறீங்க. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதுக்கு என் சைக்கிள்தான் கிடைச்சுதா? வாய் இல்ல? எனக்கு வலு பத்தலன்னு எழுதிட்டாங்க. அட்டையில எழுதிட்டாங்க!" ஸ்கேலை அப்பா மீது வீசினாள். அது அவர் முட்டியில் பட்டுக் கீழே விழுந்தது. அடுத்து என்னை நோக்கிக் கையை ஓங்கினாள். வீச எதுவும் இல்லாமல் கையை இறக்கினாள். "இப்பவே கழட்டுங்க. ரெண்டையும். இப்பவே."

அவர் என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கினார். நட்டின் முனைகளெல்லாம் மழுங்கிப் போயிருந்தன. "இவ்ளோ முறுக்கினா எப்படிக் கழலும்" என்று முனகினார். நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் திருப்பினார். பத்து நிமிடமாயிற்று. அந்தப் பத்து நிமிடமும் கட்டெறும்பு எங்கள் தலைக்கு மேல் நின்றுகொண்டு, "இன்னும் ஆகலையா, இன்னும் ஆகலையா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அன்றையும் சேர்த்து ஐந்து நாள் இருந்தது. தினமும் காலை இரண்டு பேரும் கீழே போனோம். அவர் சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினார். நான் அவளுடைய இடது பக்கம், தோளுக்கு ஒரு சாண் தள்ளிக் கையை வைத்துக்கொண்டு ஓடினேன். "தொடாதம்மா. விழுந்தா மட்டும் தொடு" என்று உத்தரவு. முதல் நாள் ஒன்பது தடவை விழுந்தாள். இரண்டாம் நாள் ஏழு. ஒவ்வொரு தடவையும் எனக்குள் எதுவும் அசைகிறதா என்று பார்த்தேன். இல்லை. ஆனால் கை பிடித்தது. நினைக்காமலே பிடித்தது. மூன்றாம் நாள் இருபது அடி தானாக ஓட்டினாள். வெள்ளிக்கிழமை தண்ணீர்த் தொட்டி வரை போய்விட்டாள்.

"இந்தப் புள்ளைக்கா வலு பத்தல?" என்றார் அவர் மூச்சு வாங்கிக்கொண்டே. "ஓடி ஓடி எனக்குத்தான் பத்தல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவர் பழையபடி ஒரு ஜோக் சொன்னார் என்பதைக் கவனித்தேன்.

சனிக்கிழமை. மைய முற்றத்தில் பயிற்சியம்மா டேப்பை நீளமாக இழுத்து வைத்து, தொடக்கத்தில் ஒரு கோடும் முடிவில் ஒரு கோடும் போட்டிருந்தார். நாங்கள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். தொடக்கூடாது, கூட ஓடக்கூடாது. ஜன்னலுக்கு உள்ளே, பட்டியலில் அடுத்த குழந்தை, ஒரு சின்னப் பெண், தன் அம்மாவின் மடியில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டெறும்பு இடது பாதத்தைச் செருகிப் பட்டையை வலது கையால் இழுத்துக் கட்டினாள். வலது காலால் ஒரு உந்து. கிளம்பிவிட்டாள். முதல் பத்து மீட்டர் வளைந்து வளைந்து போனாள். பிறகு நிமிர்ந்துகொண்டாள். முதுகு அப்படி நேராக இருந்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் அவர் சத்தம் வராமல் உதட்டை அசைத்து மீட்டர் எண்ணிக்கொண்டிருந்தார். முப்பதைத் தாண்டினாள். தாண்டியதும் அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். இடது கை முஷ்டி மடங்கி, ஹேண்டில் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டது. விழுந்தாள்.

சைக்கிளை அவள் மேலிருந்து தூக்கியது நான்தான். எப்படி அங்கே போனேன் என்று நினைவில்லை. திரும்பிப் பார்த்தால் என் செருப்பு ஒன்று பாதி வழியில், டேப்பின் மேல் கவிழ்ந்து கிடந்தது. ஓடியிருக்கிறேன்.

"முப்பத்தெட்டு" என்றார் பயிற்சியம்மா. "பன்னெண்டு மீட்டர்ல போச்சேடா கண்ணு."

கட்டெறும்பு அழவில்லை. முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "இன்னொரு தடவை ஓட்டட்டுமா?"

"ஒரு தடவைதான்டா. எல்லாருக்கும் அப்படித்தான்."

சைக்கிளோடு பக்கச் சக்கரங்களையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். பயிற்சியம்மா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இரும்புத் தகடெல்லாம் கீறல். நட்டு உருண்டையாகிக் கிடந்தது.

"என்ன சார் இது, இப்படிப் பண்ணி வச்சிருக்கீங்க? அடுத்த குழந்தைக்கு எப்படி மாட்டறது?"

"நட்டு வேற வாங்கித் தந்துடறேன் மேடம். போல்ட் கொஞ்சம் வழுக்குது..." என்று அவர் ஆரம்பித்தார்.

"வழுக்கல" என்றேன். "அவர் வாரா வாரம் தூக்கினாரு. நான் வாரா வாரம் இறக்கிட்டேன். ஏழு வாரம். அவ பக்கச் சக்கரம் இல்லாம ஓட்டினது இந்த அஞ்சு நாள்தான்."

பயிற்சியம்மா தகட்டைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அஞ்சு நாள்லயா முப்பத்தெட்டு மீட்டர்?"

"ஆமா" என்றாள் கட்டெறும்பு. "முந்தாநேத்து வரைக்கும் இருபது அடிதான்."

பயிற்சியம்மா ஜன்னலைப் பார்த்தார். அந்தச் சின்னப் பெண் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தாள். "அந்தப் புள்ளையும் பன்னெண்டு வாரம் காத்திருந்துச்சும்மா. என்னால ஒண்ணும் பண்ண முடியாது. உங்க பேரைப் பட்டியல்ல கடைசியில எழுதறேன். பதினொண்ணாவது ஆளு." பிறகு, "உன் அட்டையைக் குடு" என்று கட்டெறும்பிடம் கையை நீட்டினார். போதாது என்பதில் ஒரு கோடு கிழித்து, மேலே போதும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

பஸ் நிறுத்தத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம். கட்டெறும்பு நடுவில். வரும்போது தள்ளிக்கொண்டு வந்த சைக்கிள் இல்லாததால் மூன்று பேருக்கும் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் அட்டையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் மேல கோவமாடா?" என்றேன்.

"ஆமா."

"ரொம்பவா?"

"பன்னெண்டு மீட்டர் கோவம்." சற்று யோசித்தாள். "நாளைக்கு வரைக்கும் இருக்கும். நாளான்னைக்கும் இருக்கும்."

"சரி" என்றேன்.

அவர் எதிர்ச்சாரியில் இருந்த பழைய இரும்புக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு ப்ரேம் கிடைச்சா போதும். பிரேக்கை ஒரே பக்கம் கொண்டுவர்றது பெரிய விஷயமில்ல. பட்டையை நீ தைச்சுக்குடு" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று பார்த்தேன். என்னிடம்தான்.

"சைடு வீல் வேண்டாம்" என்றாள் கட்டெறும்பு. "அதை வாங்கினா நீங்க ரெண்டு பேரும் மறுபடி ஆரம்பிச்சுடுவீங்க."

பட்டை தைக்க எந்தத் துணி தாங்கும் என்று யோசித்தேன். பரணில் ஒரு பை இருக்கிறது. பத்து மாதமாகத் திறக்காதது. அதில் குழந்தையைத் தோளில் கட்டிக்கொள்ள வாங்கிய கெட்டிப் பட்டை ஒன்று, இன்னும் விலைச் சீட்டோடு. அது தாங்கும்.

பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. எழுந்திருக்க வலது கையைப் பெஞ்சில் ஊன்றினேன். ஊன்றியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாச்சு?" என்றார்.

"கை."

"கைக்கு என்ன?"

"வலிக்குது" என்றேன்.

அவர் குனிந்து என் மணிக்கட்டைத் தன் இரண்டு கைகளிலும் எடுத்துக்கொண்டார். "குழாயை மாட்டித் திருப்பினா வலிக்காம? அந்த நட்டுக்கு நீ போட்ட இறுக்கத்தை நான் லிப்ட்டுக்குக்கூடப் போட்டதில்ல" என்றார். விடவில்லை.

"வலிக்குதுங்க" என்றேன் மறுபடி.

கட்டெறும்பு பஸ்ஸை நோக்கி வலது கையை நீட்டி, நிறுத்தச் சொல்லி ஆட்டிக்கொண்டிருந்தாள்.